யாரூட்டுப் புள்ளை

மே 14, செவ்வாய்

லண்டன் வந்து சேர்ந்தாயிற்று. காது இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை இவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார். நான் என்னுடையதையும் சாப்பிட்டு இவருடையதையும் சாப்பிட்டேன். பசிக்கு நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

விசு அண்ணன் காரோடு வந்திருந்தார். அவரும் இவரும் பொள்ளாச்சியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர் இங்கே வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவரைக் கட்டிப்பிடித்து, "ஏண்டா சின்னு, தேங்கா மண்டில உக்காந்து உக்காந்து நீயே தேங்கா மாதிரி ஆயிட்டயேடா!" என்றார். இவர் சிரித்தார். வெளியாள் முன்னால் இவர் சிரிப்பு நன்றாகவே இருக்கும்.

வீட்டு வாசலில் அண்ணன் மனைவி தேன்மொழி என்னைப் பார்த்ததும் ஓடி வந்து தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். உடுமலைக்காரி, மனசு இளகினவள். "எப்படித்தான் தாங்குனீங்களோக்கா! அந்த போஸ்டர்ல மிருது ரெட்டச் சடையோட சிரிச்சுட்டு இருந்தது எங்கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க்கா." நான் மரம் மாதிரி நின்றேன். பின்னால் இவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்த நோட்டும் அவள் கொடுத்ததுதான். "மனசுல இருக்கறதையெல்லாம் இதுல எழுதுங்கக்கா, பாரம் எறங்கும்" என்றாள்.

சரி, எழுதுகிறேன். என் மகள் மிருதுளா சாகவில்லை. இதே லண்டனில்தான் இருக்கிறாள்.

நான்கு வருஷம் முன்னால் கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டு போனாள். வேற ஆளுக, சாதி வேற. இவர் தலைமுழுகினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கிணற்றடியில் குடம் குடமாக ஊற்றி முழுகினார். மறுநாள் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பத்தாம் வகுப்புப் படம் போட்டு. எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்ததும் ஊருக்கு விஷயம் விளங்கிவிடும், ஒருத்தரும் துக்கம் கேட்க வர மாட்டார்கள். யாரோ அந்தப் போஸ்டரைப் படம் பிடித்து விசு அண்ணன் போனுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் இங்கேயே இருந்த மனுஷன், அப்படியே நம்பிவிட்டார். அன்றைக்குப் போனில் குழந்தை மாதிரி அழுதார். இவர் "ம்" என்றார். மறுபடியும் "ம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைத் திரும்ப எடுக்க இன்றுவரை இவருக்கு வாய் வரவில்லை.

மே 15, புதன்

அரண்மனை பார்த்தோம். வாசலில் கரடித்தோல் தொப்பி போட்ட சிப்பாய் அசையாமல் நின்றான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டக்கூடாதாம். அவன் பொண்டாட்டி கொடுத்து வைத்தவள் என்று தேன்மொழி சொன்னாள். நான் சிரித்தேன். அவன் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றுதான் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

என்னைத் தனியாக விடவே மாட்டேன் என்கிறாள். "தனியா இருந்தா வெசனப்படுவீங்க்கா" என்று குளியலறை வாசல்வரை வருகிறாள். என் போன் இங்கே வேலை செய்யாது. இவர் போனுக்கு மட்டும்தான் வெளிநாட்டு வசதி போட்டிருக்கிறார். பாஸ்போர்ட் ரெண்டும் இவர் இடுப்புப் பையில். குளிக்கப் போனாலும் கழற்றிக் கதவில் மாட்டிக்கொண்டுதான் குளிக்கிறார். கெட்ட மனுஷன் இல்லை, ஜாக்கிரதை அதிகம். அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன்.

கோயம்புத்தூரில் விமானம் ஏறுவதற்கு முன்னால் என் தங்கை பூங்கோதை என்னைப் பெண்கள் கழிவறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "மிருது அங்க ஒரு நாடகக் கொட்டகைல வேலை பாக்கறா. டிக்கெட் பாத்து சீட்டைக் காட்டற வேலை. சாயந்திரமானா அங்கதான் இருப்பா" என்று சொல்லி அதன் பேரையும் சொன்னாள். வழி முழுக்க அந்தப் பேரை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். சாமி கும்பிடுகிறேன் என்று இவர் நினைத்திருப்பார். பேரை இங்கே எழுதவில்லை. நோட்டைப் பருப்புப்பொடிப் பைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன், இவர் கை அந்தப் பக்கம் போகாது, இருந்தாலும்.

பேசக்கூட வேண்டாம். எட்ட நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும் எனக்கு.

மே 16, வியாழன்

ராட்சத ராட்டினத்தில் ஏறினோம். கண்ணாடிக் கூண்டு. உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள், ஆடி அசைந்து ஒரு சுற்று முடிகிற வரைக்கும் இறங்க முடியாது. கீழே ஆறு, பாலம், தீப்பெட்டி அடுக்கின மாதிரி வீடுகள். எந்தக் கூரைக்கு அடியில் அவள் இருக்கிறாளோ என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்குப் பட்ட இடம் ஆவி படிந்துபோயிற்று.

இவர் விசு அண்ணனிடம், "கெழக்கு எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார். அண்ணன் கை காட்டினார். நம்ம ஆட்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்றார். கூண்டு இறங்குகிற வரைக்கும் இவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்தாராக இருக்கும். மண்டியில் தேங்காய் காயப்போடுகிறவருக்கு அதுதானே நினைப்பு.

மே 17, வெள்ளி

தேன்மொழி எங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மிருது பேரில் அர்ச்சனை செய்தாள். ஆத்மா சாந்தி அடைய வேண்டுமாம். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். வாயில் ரோகிணி வந்தது, விழுங்கிவிட்டுத் தெரியாது என்றேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் சாந்தி செய்ய என் வாயால் நட்சத்திரம் சொல்ல மாட்டேன். பெற்றவளுக்கு நட்சத்திரம் தெரியாதா என்று அர்ச்சகர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

இவர் தட்டில் இருந்த திருநீற்றைத் தொடவே இல்லை.

மே 18, சனி

கடைவீதி. கூட்டமான கூட்டம். "பராக்குப் பாக்காம வா" என்று என்னை அதட்டிவிட்டு, இவர் விளக்குக் கம்பத்தில் போய் இடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் சேலை கட்டின ஒரு பெண் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன், மிருது அல்ல. நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்துவிட்டேன். ஆஹா என்று இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மே 19, ஞாயிறு

சாப்பிடும்போது தேன்மொழி கேட்டாள். "ஏனுங்க்கா, வந்ததுல இருந்து நாங்க கூட்டிட்டுப் போற எடத்துக்கெல்லாம் பேசாம வர்றீங்க. உங்களுக்குன்னு ஒரு ஆசை இல்லீங்களா?"

தண்ணீர் குடித்தேன். "ஒரு டிராமா பாக்கோணும்" என்றேன்.

விசு அண்ணனுக்குப் புரையேறியது. "டிராமாவா? லோகம்மா, இங்க இங்கிலீஷ் டிராமாதானுங்க!"

"இருக்கட்டுமுங்க. புரிஞ்சவரைக்கும் புரியட்டும்." எங்கள் தெரு டீச்சரம்மா இங்கே வந்தபோது பார்த்ததாகச் சொன்னார்கள் என்று அளந்துவிட்டு, கொட்டகையின் பேரையும் சொன்னேன். மனப்பாடம் ஆனதால் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது.

இவர் என்னையே பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். "போலாம்டா விசு. வாயத் தொறந்து கேட்டுட்டா" என்றார்.

மாசாணியம்மா, நீதான் அவர் கண்ணைக் கட்டினாய்.

மே 20, திங்கள்

வியாழக்கிழமைக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. மழை. நாள் பூராவும் வீட்டுக்குள். தேன்மொழி அல்பம் காட்டினாள். இவர் அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். அண்ணன் சீட்டு விளையாடக் கூப்பிட்டார், கையில் ராஜாவை வைத்துக்கொண்டே தோற்றார்.

மே 22, புதன்

நாளைக்கு அவளுக்கு விடுமுறையாக இருந்தால்? அல்லது வேறு மாடியில் நின்றால்? போன் செய்து கேட்கவும் வழியில்லை. தேன்மொழியிடம் போன் கேட்டால் யாருக்கு என்று கேட்பாள். செத்துப்போன மகளுக்கு என்றா சொல்வேன்?

இவர் வெள்ளைச் சட்டையை நான் தேய்த்து வைத்தது போதாதென்று தானே மறுபடி தேய்த்தார். மீசைக்கு மை வேறு. "மாப்பிள்ளை பாக்கவா போறீங்க?" என்றேன். "நாலு பேர் வர்ற எடம்" என்றார்.

மே 23, வியாழன்

இன்றைக்குச் சாயந்திரம்.

மே 24, வெள்ளி

நேற்றுத் திரும்பி வந்ததும் எழுத முடியவில்லை. இப்போது இவரும் அண்ணனும் நடக்கப் போயிருக்கிறார்கள். தேன்மொழி குளிக்கிறாள்.

கொட்டகை உள்ளே நம் கோயில் தேர் மாதிரி தங்க வேலைப்பாடு, சிவப்பு மெத்தை நாற்காலிகள். எங்கள் இடம் மேல்மாடியில். படி ஏறி ஏறி முழங்கால் விட்டுப்போயிற்று. மேல் கதவில் கறுப்புச் சட்டை போட்ட பெண் ஒருத்தி டிக்கெட் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள். கண்ணாடி. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

என் மிருதுதான்.

விசு அண்ணன் டிக்கெட்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற அவள் அப்பாவைப் பார்த்தாள். டிக்கெட்டுக்கு மேல் பிடித்திருந்த டார்ச் வெளிச்சம் ஆடியது. வரிசை எண்ணை இங்கிலீஷில் சொல்லி வழி காட்டினாள். தேன்மொழி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கடைசியாக இவர் அவளைக் கடந்தார். "தேங்க்யூ மேடம்" என்றார்.

பெற்ற பிள்ளையை மேடம் என்கிறார். அங்கேயே அந்தத் தேய்த்த சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. போய் உட்கார்ந்தேன். வரிசைக்கு நட்ட நடுவில் இடம். ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் தேன்மொழி. எழுந்து வெளியே வர வேண்டுமென்றால் எத்தனையோ வெள்ளைக்கார முழங்கால்களைத் தாண்ட வேண்டும்.

நாடகம் ஒரு பேக்கரிக்காரனையும் அவனுடைய மூன்று மாமியார்களையும் பற்றியது. சபையே விழுந்து விழுந்து சிரித்தது. நான் திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்தேன். இருட்டில் அவள் நிற்கிற இடம் மட்டும் தெரிந்தது. நின்றுகொண்டே இருந்தாள். காலில் செருப்பு என்ன போட்டிருக்கிறாளோ, இப்படி நின்றால் கால் வீங்காதா?

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். எட்ட நின்று பார்த்தால் போதும் என்று எழுதினேன் அல்லவா? போதவில்லை. எழுந்து நின்றேன்.

"பாத்ரூமுங்களாக்கா?"

"தேனு, கதவுல நிக்கறாளே, அது எம் பொண்ணு. மிருது."

சொல்லியே விட்டேன். நான்கு வருஷத்துக்கப்புறம் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னேன். தேன்மொழி கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அக்கா, வெசனப்படாதீங்க. எங்கம்மா தவறுனப்ப எனக்கும் இப்படித்தான். பஸ்ல, கடைல, பாக்கறவங்கெல்லாம் அம்மாவாத்தான் தெரிஞ்சாங்க."

"இல்ல தேனு, நெசமாலுமே சொல்றேன். அவ உசுரோட இருக்கறா."

விசு அண்ணன் இவரைப் பார்த்தார். இவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்கு அப்பப்ப இப்படி ஆகும்டா" என்றார்.

பாவி மனுஷா! இதற்கு மேல் நான் என்ன செய்வது? கத்தினால் பைத்தியம் என்பார்கள். கத்தாவிட்டால் பாவம் என்பார்கள். மறுபாதி முழுக்க தேன்மொழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அன்பாகப் பிடித்தாள், உதறவும் முடியவில்லை. இவர் கை நாற்காலிப் பிடியில் இருந்தது. அதுவும் இறுகித்தான் இருந்தது. எனக்கென்ன.

நாடகம் முடிந்து கூட்டம் நகர்ந்தது. கதவருகில் அவள் எல்லாருக்கும் குட்நைட் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனதில் கால் தடுக்கியது.

"பாத்தும்மா, படி" என்றாள். தமிழில்.

விசு அண்ணன் நின்றுவிட்டார். "அட, தமிழ்ப் புள்ள! எந்தூருங் கண்ணு?"

"பொள்ளாச்சிங்க."

"பொள்ளாச்சியா! டேய் சின்னு, நம்மூருடா!" அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "யாரூட்டுப் புள்ளைங் கண்ணு நீங்க?"

பேரைக் கேட்பதற்கு முன்னால் எங்கள் ஊரில் இதைத்தான் கேட்பார்கள். மிருது திரும்பினாள். அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். அவர் சொல்வதற்கு இடம் விட்டு நின்றாள், நான் கண்ணால் கண்டேன். இவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா அம்மா இல்லீங்க. தவறி நாலு வருசமாச்சுங்க" என்றாள்.

"அய்யோ சாமி!" தேன்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தப்பா நெனைக்காத கண்ணு. இந்த அக்காவுக்கு இருந்தது ஒரே மக, போயிட்டா. உன்னப் பாத்ததுல இருந்து எம் பொண்ணு எம் பொண்ணுன்னு தவிக்கறாங்க. உனக்கும் அம்மா இல்லீங்கற. ஒருக்கா அவங்களக் கட்டிப் புடிச்சுக்கறயா?"

கட்டிப் பிடித்துக்கொண்டாள். என் மகளைத் தொட எனக்கு அனுமதி கிடைத்தது. அவள் அநாதை, நான் பிள்ளையைப் பறிகொடுத்தவள், அந்தக் கணக்கில் கிடைத்தது. முதுகெலும்பு கையில் குத்தியது. அப்படி இளைத்திருக்கிறாள். "சாப்பிட்டயாம்மா?" என்று என் காதுக்குள் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டேன் என்றேன். வயிற்றில் பச்சைத் தண்ணீர் இல்லை.

விசு அண்ணன் மூக்கை உறிஞ்சினார். தேன்மொழி பேர் கேட்டாள். "கயல்" என்றாள் மிருது. தேன்மொழி போனில் நம்பர் வாங்கிக்கொண்டாள். இவர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கிழவன் மாதிரி, ஒவ்வொரு படியாக.

காரில் நான் மறுபடியும் சொன்னேன். "தேனு, அவ எம் பொண்ணுதான்."

"ஆமாங்க்கா" என்று என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இனிமே உங்க பொண்ணுதான். அப்படியே வெச்சுக்குங்க."

உண்மையை இனி எந்த வாயால் சொல்வேன்?

மே 25, சனி

காலையில் தேன்மொழி என்னைக் கேட்காமலேயே மிருதுவுக்குப் போன் செய்துவிட்டாள். நாளைக்கு மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள். "வர்றேங்க" என்றாளாம்.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மேஜையில் இவரும் அண்ணனும். இவர் ஏதாவது சொல்லித் தடுப்பார், வயிற்று வலி என்பார், நாளைக்கே ஊருக்குப் போகலாம் என்பார் என்று காத்திருந்தேன். வாயையே திறக்கவில்லை.

"அக்கா, நீங்கதான் சமைக்கோணும்" என்றாள் தேன்மொழி. "பாவம், நம்மூரு ருசி பாத்து எத்தன நாளாச்சோ. கடைல கத்திரிக்கா பிஞ்சா வந்திருக்குதுங்க. எண்ணெய்க் கத்திரிக்கா வெச்சிருங்க."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் மறுபடியும் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொள்வாள்.

"கத்திரிக்கா வேண்டாம்" என்றார் இவர். தலை நிமிரவில்லை, தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "அவளுக்கு ஆகாது. தொண்டையெல்லாம் வீங்கிக்கும். அஞ்சு வயசுல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கறேன்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். தேன்மொழி இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப இவரைப் பார்த்தாள்.

"யாருக்குங்ண்ணா?"

இவர் கை தட்டில் அப்படியே நின்றது. என்ன சொன்னோம் என்று அப்போதுதான் தெரிந்தது போல. மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எத்தனையோ தடவை இவர் பேசிக் கெடுத்ததை நான் பேசிச் சரிக்கட்டியிருக்கிறேன். 'செத்துப்போன மகளை நினைச்சுக்கிட்டுப் பேசறாருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் நம்பிவிடுவார்கள். நாக்கு நுனிவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்தினேன். அடுப்பை அணைத்துவிட்டு, இவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"யாருக்குடா சின்னு?" என்றார் விசு அண்ணன்.

தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை நான் கண்ணைத் துடைக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீசை துடித்தது.

"எம் புள்ளைக்கு" என்றார்.